பச்சைப் புள்ளி

காலையிலிருந்து நாலாவது முறை, கப்பல்கள் எங்கே என்று காட்டும் வரைபடத்தில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டேன். அது ஒரு சரக்குக் கப்பல்.

நான் காத்திருக்கும் உதிரிபாகம் அந்தக் கப்பலில்தான் வருகிறது. செங்கடல், சூயஸ் கால்வாய்ப் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'வந்துசேரும் தேதி' மறுபடி மாறியிருந்தது.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்களுக்கு இதுதான் வழி. பத்து நாள், சில நேரம் இரண்டு வாரம் கூடுதல்.

கப்பல் எங்கே என்பதைச் செயற்கைக்கோள் சொல்லிவிடுகிறது. இறக்குமதி வரி நாளைக்கு என்னவாகும் என்பதை யார் சொல்வது? 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா அறிவித்த வரிகளில் பெரும்பகுதி ஒரே வாரத்தில் 90 நாள் தள்ளிப்போனது. அந்த வாரம் ஆர்டர் போட உட்கார்ந்தவர்கள் எதை நம்பிப் போட்டிருப்பார்கள்?

அந்தப் புள்ளிக்குள் இருபது மாலுமிகளாவது இருப்பார்கள்.

அவர்கள் வீடு திரும்பும் தேதியும் மாறியிருக்கும்.