அந்த 'டு'வுக்கு ஆள் யார்?

திருப்பூரில் பையருக்கு, அதாவது நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு, ஆங்கிலத்தில் மெயில் அடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கார்டில் மெர்ச்சண்டைசர் என்று கௌரவமாக இருக்கும். நூல் வந்ததா, நிட்டிங் முடிந்ததா, சாயம் போடும் டையிங்கில் துணி எங்கே நிற்கிறது என்று காலையெல்லாம் ஃபோனில் தமிழில் கத்திவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அதையே ஆங்கிலத்தில் பணிவாக எழுதி ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்ப வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் மெயிலைப் போகும் முன் ஒரு பார்வை பார்ப்பதும் என் தலையில்தான். ஸ்பெல்லிங் தப்பை கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. பிள்ளைகள் மாட்டிக்கொள்வது வினைக்கு முன்னால் வரும் ஆங்கில 'டு'வில் (to).

போன சீசனில் ஒரு பையன் எழுதிவைத்திருந்த வரி: 'வீ ஆர் டிஃபிகல்ட் டு ஷிப் பை ஃப்ரைடே.' வெள்ளிக்கிழமைக்குள் சரக்கை ஏற்றுவது எங்களுக்குக் கஷ்டம் என்று சொல்ல நினைத்திருக்கிறான். எழுதியபடி படித்தால், 'வெள்ளிக்குள் எங்களைக் கப்பலேற்றுவது கஷ்டம்' என்று வருகிறது. நாம் என்ன கார்ட்டனா என்று கேட்டேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை, பாவம்.

இலக்கணத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். 'டு'வும் வினையின் வெறும் வடிவமும் சேர்ந்தால் இன்ஃபினிடிவ்: 'டு ஷிப்'. அதோடு எதை, எப்போது, எங்கே என்பதெல்லாம் ஒட்டிக்கொண்டால் இன்ஃபினிடிவ் ஃபிரேஸ்: 'டு ஷிப் தி கூட்ஸ் பை ஃப்ரைடே'. 'டு'வுக்குப் பிறகு 'ஷிப்ஸ்', 'ஷிப்டு' என்றெல்லாம் வராது. இந்த ஃபிரேஸ் பெயர்ச்சொல் போலவும் வரும், பெயரடை போலவும் வரும், வினையடை போலவும் வரும் என்று பள்ளிக்கூடத்தில் மூன்று பெட்டி போட்டுக் கொடுத்தார்கள். பரீட்சைக்குச் சரி. மெயில் எழுதும்போது எந்தப் பெட்டி என்று யோசித்து யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்விதான்: அந்த 'டு' சொல்லும் வேலையை யார் செய்யப்போகிறார்?

தமிழில் இதற்குக் கிட்டத்தட்ட இணையாக இருப்பது செய என்னும் வாய்பாட்டு எச்சம். 'மழை பெய்யக் குளம் நிறைந்தது.' பெய்தது மழை, நிறைந்தது குளம். ஆள் மாறினாலும் இரண்டு பேரும் கண்ணெதிரே நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டு'வுக்கு உரிய ஆளைப் பல நேரம் வெளியே காட்டுவதில்லை. காட்ட வேண்டுமானால் 'ஃபார்' போட்டு முன்னால் நிறுத்த வேண்டும். 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் அஸ் டு ஷிப் பை ஃப்ரைடே.' நம் 'எங்களுக்கு' அங்கே 'ஃபார் அஸ்'.

'வீ வான்ட் டு செக் தி சாம்பிள்' என்றால் பார்ப்பது நாம். 'வீ வான்ட் யூ டு செக் தி சாம்பிள்' என்றால் பார்ப்பது பையர். ஒரு 'யூ' விட்டுப்போனால் வேலை நம் பக்கம் வந்து விழுந்துவிடும். ஆஸ்க், டெல், அட்வைஸ், அலவ் எல்லாவற்றிலும் 'டு'வுக்கு முன்னால் ஒட்டி நிற்பவர்தான் செய்கிறவர். 'தி டையர் ஆஸ்க்டு அஸ் டு வெயிட்.' காத்திருப்பது நாம்.

இப்போது இதைப் பாருங்கள்: 'தி டையர் ப்ராமிஸ்டு அஸ் டு டெலிவர் ஆன் மண்டே.' அதே அமைப்பு, அதே 'அஸ்'. ஆனால் துணியைக் கொடுக்க வேண்டியவர் டையர். 'ப்ராமிஸ்' மட்டும் ஊரோடு ஒத்துப்போகாது. தமிழில் இந்தக் குழப்பமே வராது; ஒன்றில் 'காத்திருக்கச் சொன்னார்' என்கிறோம், மற்றதில் 'தருவதாகச் சொன்னார்' என்று வடிவத்தையே மாற்றிவிடுகிறோம். (திங்கள்கிழமை துணி வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

மொழியியலில் இதற்குப் பிரபலமான ஒரு ஜோடி உண்டு. 1960களில் நோம் சாம்ஸ்கி எடுத்துக்காட்டிப் பேர்பெற்றவை: 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈசி டு ப்ளீஸ்'. பார்வைக்கு ஒரு சொல்தான் வித்தியாசம். முதல் ஜான் அடுத்தவரைத் திருப்திப்படுத்தத் துடிக்கிறான். இரண்டாவது ஜானை அடுத்தவர் எளிதாகத் திருப்திப்படுத்திவிடலாம். அப்படி ஒரு பையர் கிடைப்பாரா என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் பையனின் 'டிஃபிகல்ட்' இந்த 'ஈசி'யின் கட்சி. அதனால்தான் முன்னால் போட்ட 'வீ' ஏற்றுகிறவராக இல்லாமல் ஏற்றப்படும் சரக்காகிவிட்டது. இந்தக் கட்சியில் கடைசியில் 'இட்' போடவும் கூடாது. 'திஸ் ஃபேப்ரிக் இஸ் ஈசி டு கட்', அவ்வளவுதான். 'டு கட் இட்' என்று எழுதினால் வெட்டப்படுவது எது என்று இரண்டு முறை சொன்னதாகிவிடும்.

வாக்கியத்தின் தொடக்கத்திலும் இதே கேள்வி உதவும். லேப் டிப், அதாவது நிறம் சரிதானா என்று பார்க்க அனுப்பும் சாயத் துணித்துண்டு, ஒப்புதலாகாமல் கிடந்தால் பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள்: 'டு ஸ்டார்ட் டையிங், ப்ளீஸ் அப்ரூவ் தி லேப் டிப்.' படிக்கிறவருக்கு, சாயம் போடப்போவதே தான்தான் என்பதுபோல் இருக்கும். 'ஃபார் அஸ் டு ஸ்டார்ட் டையிங்' என்று ஆளை உள்ளே விட்டால் தீர்ந்தது.

ஆளைக் கண்டுபிடித்தாலும் ஆபத்து தீராத இடம் 'ஸ்டாப்'. 'வீ ஸ்டாப்டு டு செக் தி ஷேட்' என்றால், ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நிறத்தைச் சரிபார்த்தோம். பையருக்கு நிம்மதி. 'வீ ஸ்டாப்டு செக்கிங் தி ஷேட்' என்றால் நிறம் பார்ப்பதையே விட்டுவிட்டோம். அடுத்த நிமிடம் ஃபோன் அடிக்கும். 'ரிமெம்பர்' இதற்கு உறவுக்காரர்: 'ரிமெம்பர் டு அட்டாச் தி லேபிள்' இனிமேல் செய்ய வேண்டியது, 'ரிமெம்பர் அட்டாச்சிங்' ஏற்கெனவே செய்தது. 'சஜஸ்ட்' பக்கம் 'டு'வை விடவே வேண்டாம். 'வீ சஜஸ்ட் யூ டு யூஸ்' தப்பு, 'வீ சஜஸ்ட் யூசிங்' சரி. 'மேக்'குக்கு ஒரு விசித்திரக் குணம்: 'தே மேட் அஸ் வெயிட்' என்பதில் 'டு' கிடையாது, செயப்பாட்டு வினையாகத் திருப்பினால் 'வீ வேர் மேட் டு வெயிட்' என்று முளைத்துவிடும்.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது என்று ஒரு பழைய கண்டிப்பு உண்டு. அதை நான் மதிப்பதில்லை. ஆங்கில நடைக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஹென்றி ஃபௌலர் 1926இலேயே, பொருள் குழம்புவதைவிட இரண்டையும் பிளந்து நடுவில் சொல்லைப் போடுவதே மேல் என்று எழுதிவிட்டார். 'வீ டிசைடட் இமீடியட்லி டு ஸ்டாப் தி லைன்' என்றால் உடனடியாக நடந்தது முடிவெடுத்தது என்றும் படிக்கலாம். லைனை உடனே நிறுத்துவதுதான் முடிவு என்றால் 'டு இமீடியட்லி ஸ்டாப்' என்று தைரியமாக நடுவில் போடலாம்.

அப்புறம் எல்லா மெயிலின் கடைசியிலும் வரும் 'வீ லுக் ஃபார்வர்ட் டு ரிசீவ் யுவர் ஆர்டர்'. இந்த 'டு' இன்ஃபினிடிவே இல்லை, வெறும் ப்ரெபொசிஷன். பின்னால் 'ரிசீவிங்'தான் வர வேண்டும். எத்தனை சொல்லியும் கேட்பதில்லை என்பதால் ஆபீஸ் டெம்ப்ளேட்டிலேயே மாற்றி வைத்துவிட்டேன். காப்பி பேஸ்ட் பண்ணட்டும்.