சர் பனி யாஸ் டைரி

23 ஆகஸ்ட் 2025, சனி
ரூம்ல இன்னிக்கு இதே பேச்சுதான். அபுதாபியோட சர் பனி யாஸ் தீவுல சுண்ணச்சாந்துல செஞ்ச ஒரு சிலுவை தோண்டி எடுத்திருக்காங்க, 27 செ.மீ. நீளம், 17 அகலம், கனம் ரெண்டே செ.மீ. தானாம், அப்பளம் மாதிரி ஒண்ணு இத்தனை நூறு வருஷம் மண்ணுக்குள்ள தாங்கிருக்கு பாருங்க. சிலுவைக்கு அடியில படி படியா கொல்கொதா மலை (ஏசுவ சிலுவைல அறைஞ்ச இடம்), அதுலேர்ந்து இலை துளிர்க்குது. அபுதாபி வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, இங்க துறவிங்க மடம் இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியும். வெயில் தணியட்டும், போயே ஆகணும்.

15 நவம்பர், சனி
விடியக்காலை கிளம்பி ஜெபல் தன்னா வரைக்கும் கார், அங்கேர்ந்து படகு. வேன்ல கூட்டிட்டுப் போனவர் ஒட்டகச்சிவிங்கி, மான்னு ஒரு மணி நேரம் சுத்தவிட்டுட்டு சர்ச்சுக்கு பதினஞ்சே நிமிஷம் குடுத்தாரு, கடுப்பாயிடுச்சு.

பாத்ததும் சப்புன்னு இருந்துச்சு, உண்மையச் சொல்லணும்ல. குட்டைச் சுவருங்க, மேல ஒரு கூரை போட்டிருக்காங்க, அவ்ளோதான். ஆனா நடந்து பாத்தா பிடிபடுது: கிழக்கு பாத்த கோயில், நடுவுல கூடம், ரெண்டு பக்கமும் நீளமா வழி, சுத்தி துறவிங்களோட சின்னச் சின்ன அறைங்க. கிழக்கத்திய திருச்சபைன்னு பாரசீகப் பக்கம் இருந்த பழைய கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க கட்டுனது, 7, 8ஆம் நூற்றாண்டு. 1992ல கண்டுபிடிச்சு 2010லதான் ஜனங்களுக்குத் திறந்துவிட்டாங்க. இஸ்லாம் வந்த பிறகும் இங்க ஜெபம் நடந்துருக்கு. இடிச்ச தடயமோ எரிச்ச தடயமோ இல்லையாம், அவங்களாவே விட்டுட்டுப் போயிட்டாங்க.

குனிஞ்சு சுவரப் பாத்தேன். பவளக்கல்! ஆப்பம் வெந்தா நடுவுல விழுமே, அந்த மாதிரி பொடிப்பொடி ஓட்டை. எங்க ஊருப் பக்கம் தனுஷ்கோடில இடிஞ்சு நிக்கிற சர்ச்சும் இதே கல்லுதான், சின்ன வயசுல அந்த ஓட்டைல விரல விட்டு நோண்டி அடி வாங்கிருக்கேன். அத 1964 புயல் ஒரே ராத்திரில காலி பண்ணிடுச்சு. இங்க கடைசியா போன ஆளு கதவச் சாத்திட்டுப் போனாரா, தெறந்து போட்டுட்டா?

16 நவம்பர், ஞாயிறு
அம்மாவுக்கு போட்டோ அனுப்புனேன். உடனே போன், "ஏன்டா, லீவுக்கு ஊருக்கு வந்துட்டு சொல்லாமலே தனுஷ்கோடி போயிட்டியா?" அபுதாபிம்மான்னா நம்பவே மாட்டேங்குது, கடைசில ஒட்டகச்சிவிங்கி படத்த அனுப்பித்தான் நம்ப வெச்சேன்.