61 நாள், 15 புத்தகம்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வலை பழுது பார்த்து, படகுக்குப் பெயின்ட் அடித்தது போக அத்தை மகன் மச்சானுக்கு மீதிப் பொழுது வாயால்தான் போகும். அந்த நேரம் பார்த்து, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் புத்தக மூட்டையை நான் திண்ணையில் பிரித்திருக்கக் கூடாது.

மனிதர் தனித்தனியாக எழுதிய வரிசைகளை 1980களில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டார். ரோபோ சிறுகதைத் தொகுப்பு ஒன்று, ரோபோ நாவல் நான்கு, பேரரசு மூன்று, பவுண்டேஷன் ஏழு. ஆக 15. புத்தகத்துக்கு நாலு நாள் வைத்தால் 61 நாளுக்குள் முடிந்துவிடும். எதில் தொடங்குவது என்பதிலேயே முதல் வாரம் போனது.

நான் வெளிவந்த வரிசைக் கட்சி. பவுண்டேஷனை 1951 புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும். 1988இல் எழுதிய முன்கதையை முதலில் படித்தால் ரகசியமெல்லாம் உடைந்துபோகும்.

"அப்பன் பிறக்காம பிள்ளை எப்படி மாப்ள பிறக்கும்? ரோபோதான் முதல்ல. 88 புத்தகத்து முன்னுரையில அவரே கதைக்காலப்படி பட்டியல் போட்டிருக்காரே!"

"அப்போ 51ல வாங்கினவன் 88 வரைக்கும் அதைப் பரண்ல போட்டு வச்சிருந்தானா?"

பஞ்சாயத்து அப்பத்தாவிடம் போனது. முறத்தில் நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தது, நிமிரவே இல்லை. நானே அதைச் சாட்சிக்கு இழுத்தேன். "அப்பத்தா எப்பக் கதை சொன்னாலும் 64 புயல்லதான் தொடங்கும். கல்யாணம், சின்ன வயசெல்லாம் அப்புறம்தான். நமக்குப் புரியலையா?"

"அதனாலதான் தாத்தாவுக்கு எந்த ஊருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றான்.

மறுநாள் காலையில் பார்த்தால், படகுக்கு நம்பர் எழுதுகிற பிரஷ்ஷால் புத்தக முதுகுகளில் 1 முதல் 15 வரை எழுதி வைத்திருந்தான். என் பவுண்டேஷனுக்கு 11ஆம் இடம். பெயின்ட் காய்வதற்குள் அடுக்கியதில் 9ம் 10ம் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டன. பிளேடால் பிரித்தபோது இரண்டு அட்டையிலும் பாதிப் பெயர் போய்விட்டது. அவை இரண்டும் முன்கதைப் புத்தகங்கள் என்பதில் எனக்கு வருத்தம் குறைவுதான்.

சரி, அவரவர் வழி என்று பிரிந்தோம். நான் 11ஐ எடுத்துக்கொண்டேன், அவன் 1ஐ.

மே மாதம் கச்சான் காற்று ஏறியது. காயப்போட்ட கருவாட்டின் மேல் விரித்த வலை பறக்கிறதென்று அப்பத்தா கனமான புத்தகமாகப் பார்த்து இரண்டை எடுத்துப்போய் மூலைக்கு ஒன்றாக வைத்துவிட்டது. ஒன்று 4, இன்னொன்று 15.

நான் இப்போது 13இல் இருக்கிறேன், அவசரமில்லை. மச்சான் மூன்றை முடித்துவிட்டு, வாசலில் குத்தவைத்து நாலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கேட்கப் பயம். போன வாரம் அப்பத்தா இல்லாத நேரம் அதை உருவி எடுத்தவன்தான் முக்கால் கூடை நெத்திலியைக் காக்காய்க்குக் கொடுத்தான்.