நாலாவது சக்கரம்

சேர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவன், ஒரு வகுப்புக் கீழே படித்த தம்பி. அவன் இப்போது அதே மாடி அறையில்தான் கணக்குப் படிப்பிக்கிறான். தொலைபேசி அடித்தபோது நான் மேசையில் ஒரு சின்ன லொறியின் சக்கரத்தை அரத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்ட பிறகும் கை கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது, வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

மாடி அறை, நீல அலுமாரி, வெள்ளிக்கிழமை கடைசி மணி. நம்மவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்ற எல்லோருக்கும் அவர் கணக்கு சேர். அலுமாரிச் சாவிக்காக ஓடிய எங்கள் எட்டுப் பேருக்கு அவர் வண்டி சேர், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி நிஜ வண்டிகளின் சின்ன மாதிரிகளைச் செய்யப் பழக்கியவர்.

பெட்டியைத் திறந்ததும் ஒட்டத் தொடங்க அவர் விடமாட்டார். பாகங்கள் தொங்கும் பிளாஸ்டிக் சட்டங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும். அவை காயும் வரை கணக்கு நடக்கும். ஒரு நாள் கேட்டார்: "ஆயிரம் கிலோ கார். 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை எவ்வளவு?" ஆயிரத்தை 24ஆல் வகுத்து, "நாற்பத்திரண்டு கிலோ சேர்" என்றோம். மேசையில் இருந்த காரை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். "நீளம் மட்டுமா சுருங்கினது? அகலம்? உயரம்?" 24ஐ மூன்று தடவை பெருக்கினால் 13,824. கார் 72 கிராம்தான். பள்ளிக்கூடத்தில் படித்த எத்தனையோ சூத்திரங்கள் மறந்துவிட்டன, இது மட்டும் விரல் நுனியில் நிற்கிறது.

அவருக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றும் இருந்தது. கரும்பலகையின் வலப்பக்க மூலையில் "35 ஏன்?" என்று எழுதி, சுற்றிவரக் கட்டம் போட்டிருந்தார். மாதிரி வண்டியின் அளவு 24 என்றால், அதாவது நிஜத்தில் 24இல் ஒரு பங்கு என்றால், அடிக்கு அரை அங்குலம். 48 என்றால் கால் அங்குலம். 72 என்றால் ஆறு அடிக்கு ஓர் அங்குலம். 36 ஆக இருந்தாலாவது ஒரு யாருக்கு ஓர் அங்குலம் என்று வரும். இராணுவ வண்டிகளுக்கு மட்டும் எதிலும் சேராத இந்த 35 எங்கிருந்து வந்தது? "எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்கிறவர் வந்து சொல்லுங்கோ" என்பார். ஓர் ஆசிரியர் தனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் முதன்முதலில் கேட்டது அவருடைய வாயிலிருந்துதான்.

அந்த வருடக் கண்காட்சிக்கு நான் 35இல் ஒரு லொறி செய்தேன். பெயின்ட் பூசுவதில் எனக்கு நல்ல கை. மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் காயவிட்டு, தூரிகைக் கோடே தெரியாமல் முடித்திருந்தேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சேர் வந்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து வரச்சொல்லி, லொறியை அதன் மேல் வைத்தார். கொப்பித் தாளில் ஒரு சின்னத் துண்டு கிழித்து ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் செருகிப் பார்த்தார். மூன்றில் தாள் இறுகி நின்றது. முன்பக்க இடது சக்கரத்தில் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"இந்தச் சக்கரம் காற்றிலே ஓடுது, தம்பி" என்றார். "இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். 35ஆல் பெருக்கு." ஏறக்குறைய பன்னிரண்டு மில்லிமீட்டர். நிஜ லொறியின் சக்கரம் நிலத்திலிருந்து ஒரு விரல் தடிப்புக்குத் தூக்கி நிற்கிறது என்று எனக்கும் புரிந்தது, கூடி நின்ற எல்லோருக்கும் புரிந்தது. காது சூடாகி, கண் மங்கிவிட்டது. லொறியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

பின்னால் வந்தவன் அந்தத் தம்பிதான். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அதிகம் கதைத்ததில்லை. "அடிச்சட்டத்தைக் கையில பிடிச்சுக்கொண்டா ஒட்டினீங்கள் அண்ணா?" என்று கேட்டான். ஆம் என்றேன். ஒட்டு பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஆனால் இறுக நேரம் எடுக்கும். முதல் பத்து நிமிடம் மூட்டு நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நேரத்தில் கண்ணாடி மேல் வைத்து நான்கு சக்கரமும் தொடுகிறபடி அழுத்திவிட்டு, பிறகு தொடாமல் விட வேண்டும். "இப்ப காய்ஞ்சு போச்சு. பரவாயில்லை." முன் கூட்டையும் பின் பெட்டியையும் பிளேடால் மெதுவாகப் பிரித்து, முறுகியிருந்த அடிச்சட்டத்தைச் சுடுநீரில் பிடித்தான். கொதிக்கிற நீர் கூடாது, கை பொறுக்காத சூடு போதும் என்றான். எதிர்ப்பக்கமாக ஒரு மயிரளவு முறுக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினான். எனக்குக் கீழ் வகுப்புப் பையனிடம் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை அது. பதிலுக்கு நான் அவனுக்கு, இலக்கத் தாள்களைத் தண்ணீரில் நனைத்து ஒட்டுவதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு பூசக் காட்டிக்கொடுத்தேன். மங்கலான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்றுச் சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி போல மினுங்கும். அவனுடைய வண்டிகளில் அந்த மினுக்கம் அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சேர் மீண்டும் தாளைச் செருகினார். நான்கிலும் இறுகியது. ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டை என் சட்டைப் பையில் போட்டார்.

நான் புறப்பட்டது தவணையின் நடுவில். லொறியை நீல அலுமாரியில் வைத்தேன். சேரிடம் சொல்லப் போனபோது பரீட்சை நடந்துகொண்டிருந்தது. யன்னலால் அவருடைய முதுகு தெரிந்தது. பொறுத்திருந்தால் அரை மணியில் வெளியே வந்திருப்பார். நான் நிற்கவில்லை.

வந்த ஊரில் மொழி பிடிபட நாளாயிற்று. ஆனால் மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் வண்டி செய்கிறவர்கள் கூடுவார்கள். அங்கே மேசை மேல் வண்டியை வைத்தால் போதும், பேச்சு தானாக வரும். ஓய்வுபெற்ற கடைசல்காரர் ஒருவர் என்னுடைய வண்டியின் மட்காட்டைத் தொட்டு, விரலால் தடிப்பைக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்றால் 35இல் அது முப்பத்தைந்து மில்லிமீட்டர் இரும்பு. எந்த லொறியின் மட்காட்டும் அவ்வளவு தடிப்பில்லை. முழுவதையும் தேய்க்க வேண்டாம், உள்பக்கமாக விளிம்பை மட்டும் பிளேடால் சீவினால் கண் அதைத் தகடு என்று நம்பிவிடும். அவர் சீவிக் காட்டியபோது சுருள் சுருளாக விழுந்த பிளாஸ்டிக்கைப் பார்த்து, இதை அந்தத் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

35க்கு விடை தந்தவரும் அவரே. சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிரவே சேருக்குக் கடிதம் எழுதினேன். செய்துகொண்டிருந்த வண்டியை முடித்து, படம் எடுத்து, அதையும் சேர்த்து அனுப்புவோம் என்று வைத்தேன். வண்டி முடிந்தது. அதைவிட நல்ல வண்டியின் படத்தை அனுப்பலாம் என்று தோன்றியது. அப்படியே பத்தொன்பது வருடம் போய்விட்டது. கடிதம் இன்னும் என் கருவிப்பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது.

போன மாதம் தம்பி கதைத்து முடிக்கும்போது கேட்டான். "அண்ணா, பலகையில அந்த 35 இன்னும் இருக்கு. கறுப்பு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் திரும்ப எழுதிவைக்கிறனான். கடைசியா வந்தபோதும் சேர் கேட்டவர், ஆராவது சொன்னவையோ எண்டு."

சேர், அது பற்றரிக்காக. 1961இல் ஜப்பானில் மாதிரி வண்டிகள் செய்யும் தமியா நிறுவனம் பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் மாதிரியை மோட்டார் வைத்து ஓடும்படி செய்தபோது, மோட்டாரும் பற்றரிகளும் உள்ளே அடங்குகிற அளவுக்கு வண்டியின் உடலை அமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது அது 35இல் ஒரு பங்கு அளவில் வந்தது. அடுத்தடுத்த வண்டிகளையும் அதே அளவில் செய்தார்கள், மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. நீங்கள் அங்குலத்திலும் அடியிலும் தேடினீர்கள் சேர், நாங்களும் அங்கேயே தேடினோம்.

கட்டத்துக்குக் கீழே இதை எழுதிவிடும்படி தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். கட்டத்தை அழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.