31-ஆவது நாள்

அமெரிக்காவில் ஒரு தடய அறிவியல் ஆய்வகத்தில் மானிய விண்ணப்பங்களைக் கவனிப்பது என் வேலை. டிஎன்ஏ வழக்குத் தேக்கத்தைக் குறைக்க மத்திய அரசின் நீதித் துறை தரும் சிஇபிஆர் மானியத்துக்கு முதல்முறை விண்ணப்பித்தபோது, தொகைக்காகத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். மாநிலத்தின் வன்முறைக் குற்ற எண்ணிக்கையை வைத்து அது முன்பே கணக்காகிவிடுகிறது. உயிரை வாங்கியது தேக்கக் கணக்குதான்.

ஆய்வகத்துக்கு வந்து 30 நாளில் முடியாத வழக்கு தேங்கிய வழக்கு என்கிறது மானிய விதி. எங்கள் ஆய்வாளர்களோ இன்னும் கையிலெடுக்காததை மட்டுமே தேக்கம் என்று எண்ணி வந்தார்கள். ஒரு பாலியல் வன்முறை வழக்கு. சோதனை முடிந்து அறிக்கையும் தயார்; சரிபார்க்கும் இரண்டாவது ஆய்வாளரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அன்று 31-ஆவது நாள். “அதான் முடிஞ்சிருச்சே” என்றார் மேற்பார்வையாளர். கையெழுத்து இல்லையே என்றேன். அவருக்குக் கோபம்தான். ஆனாலும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வந்த தேதியைப் பார்த்து எண்ணினோம். பழைய எண்ணிக்கை எங்கேயோ, புதியது எங்கேயோ!

இதற்கிடையில், மத்திய அரசின் மானியம் கேட்பவர்கள் பதிவு செய்ய வேண்டிய சாம் தளத்தில் எங்கள் பதிவு காலாவதியாகியிருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. கடவுச்சொல்லை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்தப் பதிவு உயிரோடு இல்லாவிட்டால், மானிய விண்ணப்பங்களை முதலில் வாங்கும் கிராண்ட்ஸ் டாட் கவ் தளம் விண்ணப்பத்தை ஏற்காது. அங்கே ஒரு கெடு, அப்புறம் நீதித் துறையின் ஜஸ்ட்கிராண்ட்ஸ் தளத்தில் முழு விண்ணப்பத்துக்கு வேறொரு கெடு. இரண்டாவதை மட்டும் நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தேன், மடத்தனம். பதிவு நல்லவேளையாக முதல் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு உயிர் பெற்றது.

பணம் வந்தது. மாநிலம் ஏற்கெனவே கொடுத்துவரும் சம்பளத்தை இதிலிருந்து கொடுத்து அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. அதனால் ஓவர்டைமுக்குக் கொஞ்சம், மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் ரோபோவுக்கு மீதி. ரோபோ வந்த மறுநாளே வேலை செய்யுமா என்ன? எஃப்பிஐ தர விதிப்படி அது சரியாக வேலை செய்கிறது என்று சோதித்து நிறுவிய பிறகே வழக்குகளில் பயன்படுத்தலாம். அந்தச் சோதனைக்குப் போனவர்கள் எங்களின் தேர்ந்த ஆய்வாளர்கள் இரண்டு பேர்.

முதல் அரையாண்டு அறிக்கையில் தேக்கம் ஏறியிருந்தது. காரணம் கேட்ட கட்டத்தில் ரோபோவைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்பினேன்.