பாரிஸ் ரொட்டிக்கடைகளின் கண்ணாடி ஓவியங்கள்

பாரிஸின் பழைய ரொட்டிக்கடைகள் பலவற்றில் கோதுமைக் கதிர், காற்றாலை, அறுவடைக்காரர்கள், பொன் எழுத்துகள் எல்லாம் கண்ணாடியின் பின்பக்கம் வரையப்பட்டவை. நம் தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம் போலவே வேலை தலைகீழ்: பொன் எழுத்தும் நுண்கோடுகளும் முதலில், பின்னணி வண்ணம் கடைசியில்.

கண்ணாடி எதையும் உறிஞ்சாது. வண்ணம் மேலே ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். அடுப்புச் சூடு, மாவு பிசையும் இடத்தின் ஈரம், பின்சுவர்க் கசிவு மூன்றும் சேர்ந்தால் பிடி விட்டுவிடும். முன்னாலிருந்து பாருங்கள்: அடர்பச்சை நடுவே வெளிறிய சாம்பல் திட்டு தெரிந்தால், அங்கே வண்ணத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று புகுந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் தயவுசெய்து துடைக்காதீர்கள்! நல்ல நிலையில் உள்ள ஓவியப் பலகையிலும் கிளீனரை நேராகத் தெளிக்கக் கூடாது. சட்ட விளிம்பு வழியே நீர் உள்ளே இழுபட்டு வண்ணத்தின் அடியில் நுழையும். நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி போதும், விளிம்புக்கு ஒரு விரல் அகலம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கழற்ற வேண்டி வந்தால், கண்ணாடி கீழே, வண்ணம் மேலே இருக்கும்படி படுக்கவைத்த பிறகே பின்பலகையைத் திறக்க வேண்டும். நிமிர்த்தித் திறந்தால் செதில்கள் கொட்டிப்போகும். உதிர்ந்த இடத்தில் புது வண்ணம் பூசுவதைவிட, தனித்தாளில் தீட்டி ஓவியத்தைத் தொடாமல் பின்னால் வைப்பதே மேல். நாளை வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். திரும்ப மாட்டும்போது சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட இடைவெளி கட்டாயம். கூரையிலும் இப்படி ஓவியம் இருந்தால், சூடேறும் ஸ்பாட் விளக்கை அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.