எக்ஸ்எல்டியை ஆட்டோகிளேவில் வைத்த கதை

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். கடைக் கோழிக்கறியில் வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா என்று பார்க்கணும், அவ்வளவுதான்.

முதல் வாரமே சொதப்பல். கிருமி வளர்க்கும் ஜெல்லிகளான நியூட்ரியன்ட் அகார், மக்கான்கி எல்லாம் 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கி) பழகிய கை, அதே வேகத்தில் சால்மோனெல்லாவைப் பிரித்துக் காட்டும் எக்ஸ்எல்டி அகாரையும் உள்ளே தள்ளிவிட்டேன். வெளியே எடுத்தால் பளிச்சென்று சிவப்பாக இருக்க வேண்டியது கருத்துப்போய், அடியில் திப்பி திப்பியாக ஏதோ படிந்திருந்தது. லேப் அக்கா எட்டிப் பார்த்து, "டப்பாவுல எழுதியிருக்கறத படிக்கவே மாட்டியாடா?" என்றார். ஆட்டோகிளேவ் கூடாது என்று லேபிளிலேயே இருந்தது. கொதி வந்து கரைந்ததும் இறக்கி, 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றணும். அரை லிட்டர் மீடியா போச்சு.

அப்புறம் ஒரு நாள் மிச்சமாகுமே என்று பெப்டோன் தண்ணீரில் (கிருமியைத் தேற்றும் சத்து நீர்) ஊறவைப்பதைத் தவிர்க்கப் பார்த்தேன், அதையும் அக்கா தடுத்துவிட்டார். ஐஸில் கிடந்த கறியில் கிருமி பாதி செத்த நிலையில் இருக்கும், நேரே, மற்றவற்றை அடக்கி சால்மோனெல்லாவைப் பெருக்கும், மாலகைட் கிரீன் சாயம் கலந்த ஆர்வி திரவத்தில் போட்டால் மீதியும் போய்விடும். அதனால் 25 கிராம் கறி, 225 மில்லி பெப்டோன் தண்ணீர், 37 டிகிரியில் ஒரு ராத்திரி, பிறகுதான் ஆர்வி, அது 41.5 டிகிரியில் இன்னொரு நாள்.

எக்ஸ்எல்டியில் இருக்கும் டீஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்பு, கிராம் பாசிட்டிவ் என்ற வகைக் கிருமிக் கூட்டத்தை அடக்கிவிடும். குடல் கிருமியான ஈ.கோலை சர்க்கரையைத் தின்று அமிலம் விட, அதிலுள்ள சாயம் மாறித் தட்டு மஞ்சளாகும். சால்மோனெல்லாவும் சைலோஸ் என்ற சர்க்கரையைத் தின்னும், ஆனால் அது தீர்ந்ததும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் கைவைத்துக் காரமாக்கி மறுபடி சிவப்புக்கே கொண்டுவந்துவிடும், ஹைட்ரஜன் சல்பைடால் நடுவில் கறுப்பு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் மண்டையில் ஏறவே இல்லை.

நாலாவது சாம்பிளில் கறுப்புப் பொட்டு! குதித்தேன். யூரியா அகாரில் போட்டால் மறுநாள் ரோஸ் நிறம், யூரியாவை உடைக்கும் புரோட்டியஸ் என்ற வேறு கிருமி. காலனி ஓரம் மஞ்சளாக இருந்ததை ஆசையில் கவனிக்கவே இல்லை.

ஒன்பதாவது சாம்பிள்தான் நிஜம். ஓரம் சிவப்பு, யூரியாவில் மாற்றமில்லை, சால்மோனெல்லாவைப் பிடித்துத் திரட்டும் ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டதும் ஸ்லைடில் பால் திரிந்த மாதிரி கட்டியது, வெறும் சலைன் (உப்பு நீர்) விட்ட பக்கம் அப்படியே கலங்கலாக நின்றது. அக்கா பார்த்துவிட்டு தலையாட்டினார். "சரி, பழைய பிளேட் எல்லாத்தையும் கட்டி ஆட்டோகிளேவ்ல வை. இப்ப வைக்கலாம்."